காட்டுப் புற்று

சங்கரன்கோவிலிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கழுகுமலைக்குப் போய், வெளியூர்க்காரர்களுக்கு மலையை நடந்து காட்டுவது விஜிதாவின் வேலை. வெட்டுவான் கோயில், சமணர் சிற்பங்கள், பிறகு தரிசுக்காட்டு ஒற்றையடிப்பாதையில் இறங்கி ஊர்த் தெருக்கள். நிறுத்தச் சொன்னால்தான் பேச்சை நிறுத்துவாள்.

அதில் கொண்டுவந்து நாலு சக்கர பைக்கைச் சேர்த்தான் முதலாளி லிங்கேஷ். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். காலையில் நடை, மதியம் காட்டுக்குள் பைக் என்று விளம்பரம். வந்த கூட்டம் ஆயிரம் வருஷத்துச் சிற்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "பைக் எப்ப மேடம்?" என்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நடை சுருங்கியது.

கடைசியில் லிங்கேஷ் அந்தப் பாதையையே கேட்டான். பைக் ஓட அகலம் வேண்டுமாம், நாளைக்கு ஜேசிபி வருகிறதாம். பாதையோரம் ஆள் உயரத்துக்கு நின்ற புற்றையும் தட்டிவிடுவார்களாம்.

"பாதை போச்சுன்னா ஆளுகளை எது வழியா கூட்டிட்டு இறங்க?"

"இனி இறங்க வேண்டாம். நீ ஹெல்மெட் மாட்டிவிடு, போதும்."

"புத்தை இடிக்கணும்ங்கீங்களே அண்ணாச்சி, போன மாசம் பிள்ளைக்குச் சொறின்னு கோமதியம்மன் கோயில் புத்துமண்ணைத்தான பூசுனீங்க?"

"அது கோயில் புத்து. இது காட்டுப் புத்து," என்றான், கொஞ்சமும் கூசாமல்.

வந்த கோபத்தில் அவளால் பஸ்ஸில் உட்காரக்கூட முடியவில்லை. கோயிலுக்குள் இருந்தால் சாமி, இவன் வழியில் நின்றால் மண்ணா? நல்ல நியாயம்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, பால் ஊற்றி, ஒரு முட்டையும் வைத்தாள். ஆடு மேய்க்க வந்த பெண்கள் பூப் பறித்துப் போட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஜேசிபி ஓட்டி வந்த மூக்காண்டி தூரத்திலேயே எஞ்சினை அணைத்துச் செருப்பைக் கழற்றினான்.

"நான் பிள்ளகுட்டிக்காரன் அண்ணாச்சி. இதுல கை வைக்க மாட்டேன்," என்றான், பின்னாலேயே வந்து சேர்ந்த லிங்கேஷிடம்.

லிங்கேஷ் விஜிதாவை முறைத்தான். யார் செய்த வேலை என்று அவனுக்குத் தெரியாமலா? ஆனாலும் முறைத்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு அவனுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"சரி, இதையும் டூர்ல சேத்துருவோம். பைக்ல வாறவங்க இங்கன நின்னு கும்பிட்டுப் போகட்டும். நீ கதை சொல்லு."

விஜிதா புற்றை மறைத்தாற்போல் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லுதேன். ஆனா சாமி பக்கத்துல பைக்கை உறுமவிட்டா தெய்வக் குத்தம்லா? மலையிலயிருந்து இந்தப் பாதையில வெறுங்காலோட நடந்து வரச் சொல்லுங்க."

லிங்கேஷ் வாயைத் திறந்தான். மூக்காண்டி கும்பிட்ட கையோடு தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு மூடிக்கொண்டான்.