ஹில்கேயின் நுரையீரலும் வாய்க்காலின் மறுகரையும்

என் தம்பி ஹில்கே பின்னாளில் ஜெயித்தவை: நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து கம்புத்தாவலில் மூன்றாம் இடம், பரிசாக வண்டிச்சக்கரம் மாதிரி ஒரு பாலாடைக்கட்டி, ஈரக்காலோடு வருபவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றிருந்த ஃபோக்யேயின் சம்மதம். எல்லாம் இரண்டு முறை அறுவை கண்ட நெஞ்சோடு.

வாய்க்கால் நடுவே நிற்கும் நெடுங்கம்பை ஓடிப்போய்ப் பிடித்து, அது சாய்வதற்குள் மேலே ஏறி, மறுகரை மணலில் குதிக்க வேண்டும். எங்கள் மன்றத்தில் நனையாமல் கரை சேர்ந்தவர் மட்டுமே கொட்டகைக் கதவில் தாரால் கையெழுத்திடலாம். அப்பா பெயர் அங்கே இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. அப்போது ஹில்கேக்கு அது ஒன்றுதான் குறை.

ஒல்லியான நெட்டைப் பையன்களுக்கு வருவதுபோல், பத்தொன்பது வயதில் அவனுடைய வலது நுரையீரல் தானாகவே ஓட்டை விழுந்து சுருங்கியது. சில மாதத்தில் மறுபடியும். பிறகு அறுவை செய்து, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்து அனுப்பினார்கள்.

"இனிமே பெரும்பாலும் வராது," என்றார் டாக்டரம்மா. அந்தப் 'பெரும்பாலும்' என் காதில் மட்டும்தான் விழுந்தது.

அனுமதி கிடைத்ததும் பயிற்சிக்குப் போனான். ஒருநாள் கம்பில் மார்பு மோதி வலித்தது. கம்பு மோதாத நெஞ்சே எங்கள் ஊரில் கிடையாது. பயிற்சியாளர் டூர்க் தைலம் கொடுத்தார்.

"கம்பு முத்தம் குடுத்திருக்குடா. ரெண்டு நாள்ல போயிடும்."

போகவில்லை. அவனும் ஏறுவதை விடவில்லை. ஞாயிறு சாப்பாட்டில் உருளைக்கிழங்கைக் கேட்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க நிறுத்தினான்.

"டேய், அதையே ஒரே மூச்சுல சொல்லு பாப்போம்."

"எத... க்கா?"

"ஜாக்கெட்ட எடு. கார்ல ஏறு."

ஆஸ்பத்திரியில் படமெடுத்தால், முதல் அறுவையில் ஒட்டாமல் போன நுரையீரலின் மேல்நுனி சுருங்கியிருந்தது. மற்ற இடம் ஒட்டியிருந்ததால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்தான். மறுபடி அறுவை.

"அந்த வாய்க்காலுக்குப் பாலம் இல்லையா தம்பி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இருக்கு டாக்டர். பாலத்துல போனா கதவுல எழுத விடமாட்டாங்க."

சிரித்தார். ஆனால் அவர் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லும்வரை கம்பைத் தொடக்கூடாது. வலி வந்தால் தைலமில்லை, ஆஸ்பத்திரி.

அடுத்த கோடையில் சரி என்றார். டூர்க் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"தைலம் கொண்டுவரலடா. உங்க அக்கா என்னைக் கொன்னுடுவா."

ஹில்கே ஓடினான், ஏறினான். கம்பு சாய்ந்தது. மணலில் உட்கார்ந்தபடி விழுந்தான். டூர்க் குனிந்து அவன் காலுறையைப் பிழிந்து பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

"மோசமில்ல," என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் புகழ்வதில்லை.

தார்ச்சட்டியை நான் நீட்டினேன்.

"மூச்சு எப்படிடா?"

"ரெண்டு பக்கமும் ஓடுதுக்கா. சட்டிய ஆட்டாம பிடி."

ஹில்கே அந்தக் கதவில் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 1997 ஜூலை 19, சனிக்கிழமை.