ஐம்பத்தேழு பூஜ்யங்கள்

உலகம்மாளுக்கு வாய் அதிகம் என்று வேலைக்குப் போகும் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கும் கொஞ்சம் சொல்வாள், அவ்வளவுதான். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தாள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அங்கே வேலை கிடைக்கவில்லை. 2001இல் சுங்குவார்சத்திரத்தில் வந்து இறங்கி, கார்களுக்கு வயர் செட் செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். ஒவ்வொரு செட்டிலும் குறை தேடி, எத்தனை என்று தாளில் எழுத வேண்டும்.

முதல் வாரமே சூப்பர்வைசர் அந்தோணிராஜிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். குறை இல்லாத செட்டுகளுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

“காலியா விட்டா நீ பாக்கவே இல்லன்னு அர்த்தம். பாத்து, ஒண்ணும் இல்லன்னா பூஜ்யம் போடு. ரெண்டும் ஒண்ணு கிடையாது,” என்றார் அவர். அந்த ஏச்சு அவளுக்கு நன்றாக உறைத்தது.

வார விடுமுறையில் அறைத்தோழிகள் தாம்பரத்துக்கு ஜவுளி பார்க்கப் போவார்கள். இவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைப் பக்கம் செடி பார்க்கப் போவாள். பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

2003 மழையில், ஒரகடம் போகும் வழியில் ஒரு சரளைமேட்டில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். நாலு ஆட்டோ நிறுத்தலாம், அவ்வளவுதான் அகலம். கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் இரண்டு மாதம் நின்றுவிட்டு வற்றிவிடும். அந்தத் தண்ணீரில் விரல் உயரச் செடிகள், அரிசி அளவு ஊதாப்பூவோடு, கால் வைக்க இடமில்லாமல் முளைத்திருந்தன. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சரோஜாவிடம் பேர் கேட்டாள்.

“அதுக்கு இன்னாமே பேரு? பூண்டு. ஆடுகூட மோந்து பாக்காது. இந்தப் பள்ளத்துலதான் கீது,” என்றாள் சரோஜா.

இந்தப் பள்ளத்தில் மட்டும்தானா? அது நிஜமா என்று தெரியாமல் உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயைக் கேட்டு வாங்கி, மீட்டருக்கு மீட்டர் ஒரு சதுரச் சட்டம் செய்தாள். அதைத் தரையில் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுவாள். வரப்பு, களிமண் குட்டை, மணல் ஓடை, செம்பரம்பாக்கம் ஏரி ஓரம் என்று அந்த மழைக்காலம் பூராவும் அறுபது முறை சட்டத்தைப் போட்டாள். ஐம்பத்தேழு தாளில் பூஜ்யம். செடி வந்தது மூன்றே தாளில். அந்த மூன்றும் பள்ளத்துக்குள் போட்டவை.

அடுத்த வருஷம் அவள் வேலை பார்த்த கம்பெனியே அந்தச் சரளைமேட்டை லாரி நிறுத்தக் கேட்டது. நிரவினால் பள்ளம் போச்சு. மேட்டுச் செடிகொடிகளைப் பற்றிக் கம்பெனி எடுத்த ஆய்வறிக்கையை ஊரார் பார்க்கப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். உலகம்மாள் புரட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் ஒரே ஒரு சதுரம் போட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு செடி எண்ணி, “மிகச் சாதாரணம்” என்று எழுதியிருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே வீட்டில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக் குடியிருந்தால், ஊர் பூரா அந்தக் குடும்பம்தான் என்றா அர்த்தம்?

கருத்துக் கேட்புக் கூட்டம் ஐப்பசியில் வந்தது. முந்தின நாள் அந்தோணிராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாளைக்கு நீ அங்க வராத. ஒனக்கு எதுக்கும்மா வம்பு?”

“எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டு சார். காலையில நான் எங்க போனா என்ன?”

போனாள். மண்டபத்தில் முன்வரிசையில் கம்பெனி ஆட்களோடு அந்தோணிராஜும் இருந்தார். ஆய்வு செய்த கார்முகில் என்ற இளைஞர் பேசி முடித்ததும் உலகம்மாள் எழுந்தாள்.

“எத்தன இடத்துல பாத்தீங்க சார்?”

“செடி இருந்த எடத்துல பாத்தோம்.”

“இல்லாத இடத்துல?”

“இல்லாத எடத்துல இன்னாத்த எண்ணுறது?” என்றார் கார்முகில். மண்டபமே சிரித்தது.

“இல்லைன்னு எண்ணணும். பாத்துட்டுப் பூஜ்யம் போடணும். எங்க லைன்ல காலியா விட்டா சூப்பர்வைசர் தொலைச்சிருவாரு,” என்றாள். அந்தோணிராஜ் குனிந்துகொண்டார்.

அறுபது தாளையும் கூட்டத்தை நடத்த வந்த அதிகாரியின் மேசையில் வைத்தாள். “ஒரு செடி எத்தன இடத்துல இருக்கு, இருக்க இடத்துல எத்தன இருக்கு, எந்தெந்த மண்ணுல பிழைக்கும். மூணும் கேக்கணும் சார். இவங்க ரெண்டாவதுக்கு மட்டும் பதில் எழுதிட்டு வந்துட்டாங்க.”

அதிகாரி தாள்களைப் புரட்டினார். கார்முகில் விடவில்லை. “அவ்ளோதானே? பிடுங்கிக் கம்பெனித் தோட்டத்துல நட்டுட்டாப் போச்சு.”

யாரிடமும் சொல்லாத ஒன்று உலகம்மாளிடம் இருந்தது.

“நான் நட்டுப் பாத்துட்டேன். பத்துச் செடி. அதே சரளை, அதே தண்ணி எல்லாம் கொண்டுவந்து தொட்டியில வச்சேன். ஒம்பது நாள்ல பத்தும் அழுகிப்போச்சு. பத்தையும் நான்தான் கொன்னேன். பெரிய படிப்புப் படிச்ச திமிருல கொன்னேன். நீங்க மிச்சத்தையும் கொல்லாதீங்க.” உட்காராமல் நின்றாள்.

அதிகாரி யோசித்துவிட்டுச் சொன்னார். “இந்த மழையிலேயே மறுபடி எல்லா இடத்துலயும் எண்ணணும். அதுவரைக்கும் மேட்டுல மண்வெட்டி படக்கூடாது. ஆட்சேபணை எழுதிக் குடும்மா. வேலை பாக்குற இடத்த எழுதாம விட்டுரு, ஹாஸ்டல் முகவரி போதும்.”

அவருக்கு நல்ல மனசுதான். உலகம்மாள் பேனாவை வாங்கினாள். கம்பெனிப் பேர், லைன் நம்பர், டோக்கன் நம்பர் என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பொய்யாகவாவது கொஞ்சம் பயந்திருக்கலாம். பயப்படவில்லை.

ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே கேட்டுக்குப் போய்விட்டாள். மண்ணாங்கட்டி என்று பேர் கொண்ட வாட்ச்மேன் ஷிப்டுப் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உன் பேரு அடிச்சிட்டாங்கம்மா. உள்ள வுடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க.”

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள்.

“சரிண்ணே. இதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு நாள்தான் எண்ணினேன். இனிமே ஏழு நாளும் எண்ணுவேன்னு உள்ள சொல்லிருங்க.”