வளைவில் நின்ற மஞ்சள் புள்ளி

பகல் இரண்டு பதினேழுக்கு ஏழாம் எண் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், அதைக் குறித்து வைப்பதுதான் அங்கே என் வேலை. பார்சல் கொண்டுபோகும் பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுடைய போன் எங்கள் கணினிக்குச் சொல்லும். திரையில் ஆளுக்கு ஒரு எண், ஒரு புள்ளி. வண்டி ஓடினால் பச்சை. கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் மஞ்சள். நான் போன் செய்து கேட்க வேண்டும். அரை மணி தாண்டினால் சிவப்பு. கிளை மேலாளர் எழுந்து என் மேசைக்கு வருவார்.

ஏழாம் எண் என் மகன்.

அது மேலாளருக்குத் தெரியாது. ஒரே கிளையில் உறவுக்காரர்கள் இரண்டு பேர் வேலை செய்யக் கூடாது என்பது கம்பெனி விதி. போன மாதம்தான் ஒரு அண்ணன் தம்பியை ஒரே நாளில் நிறுத்தியிருந்தார்கள். நான் சங்கராபுரத்தில் பதினோரு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அந்தப் பள்ளி மூடிய பிறகு கள்ளக்குறிச்சியில் கிடைத்தது இந்த நாற்காலி. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் கிடந்த மகனிடம், ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதும் நான்தான். விண்ணப்பத்தில் மணலூர்பேட்டையில் இருக்கும் அவன் பெரியப்பா வீட்டு முகவரியை எழுதச் சொன்னதும் நான்தான்.

தினமும் காலையில் அவன் வண்டியிலேயே வருவேன். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அவன் முன்னால் போய்விடுவான். பத்து நிமிடம் கழித்து நான் நடந்து உள்ளே நுழைந்தால், "குட் மார்னிங் மேடம்" என்பான். முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியாமல் பைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன். மற்ற பையன்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவனும் காட்டிக் கொடுக்கவில்லை. கிண்டல் மட்டும் குறையாது. "ஏழுக்கு மட்டும் டிபன் பாக்ஸ்ல முட்ட, எங்களுக்கு இன்னா மேடம்?" என்பான் மூன்றாம் எண். அவன் கொஞ்சம் மூத்தவன், கல்யாணம் ஆனவன். வீட்டிலும் பழக்கம் தொற்றிக்கொண்டது. "மேடம், இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க" என்பான் மகன். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பிடிக்காதது காலைக் கூட்டம். எல்லோரும் அரைவட்டமாக நிற்க வேண்டும். முந்தின நாள் குறைவாகப் பார்சல் கொடுத்தவன் முன்னால் வந்து காரணம் சொல்ல வேண்டும். பட்டியலைப் படிப்பவள் நான். ஏழுக்கு மலை ரூட். மலைக்குப் போகிறவன்தான் பட்டியலில் பெரும்பாலும் கடைசியாக வருவான். கீழே ஒரு தெருவில் பத்து வீடு என்றால், மேலே ஒரு வீட்டுக்கு இரண்டு மலை. அதனால் வாரத்தில் நான்கு நாள் என் வாயால் "ஏழு" என்பேன். அவன் முன்னால் வந்து, தரையைப் பார்த்தபடி, "சாரி மேடம், இன்னைக்கு முடிச்சிடறேன்" என்பான். சாயங்காலம் அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

அன்று மஞ்சள் புள்ளியைப் பார்த்து நான் பயப்படவில்லை. அதுதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைச் சாலையில் ஏறினால் சிக்னல் போய்விடும். நடுவில் ஒரே ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். எங்கள் பையன்கள் அதை டவர் வளைவு என்பார்கள். மேலே கொடுத்த பார்சல்களின் கணக்கையெல்லாம் அங்கே வந்து நின்றுதான் போனில் ஏற்ற முடியும். புள்ளி நின்றது அந்த வளைவில். ஏற்றிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். கீழே வேறு எங்கே நின்றிருந்தாலும் உடனே ஆள் அனுப்பச் சொல்லியிருப்பேன்.

போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. புள்ளி சிவப்பானதும் மேலாளர் வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். வெளியூர்ப் பிள்ளை. மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே மேசையில் வைத்திருந்தார். அவர் போனிலும் மேலிடத்திலிருந்து யாரோ மணிக்கு ஒரு தடவை கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு என்ன மேடம் பண்றாரு?"

"டவர் வளைவுல இருக்காரு சார். கணக்கு ஏத்திட்டிருப்பாரு."

"அரை மணி நேரமாவா? சிக்னல் இருக்கு, ரிங் போகுது, எடுக்கல. காத்து வாங்கறாரு. குரூப்ல போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'ஏழாம் எண், முப்பத்தைந்து நிமிடமாக ஒரே இடம். போன் எடுக்கவில்லை. பொறுப்பில்லாத நடத்தை. நாளை காலைக் கூட்டத்தில் விளக்கம் தர வேண்டும்.' கடைசியில் 'வேண்டும்' என்பதில் எழுத்துப் பிழை இருந்தது. பழைய ஆசிரியைப் பழக்கம், அதைத் திருத்திவிட்டு அனுப்பினேன்.

மறுபடி மறுபடி போன் செய்தேன். ஆறாவதோ ஏழாவதோ தடவைக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்தேன். கோபம் வந்தாலும் என் போனை எடுக்காமல் இருக்கிறவன் இல்லை அவன். மேலாளரிடம் போய், "சார், மூணு மலையடியில, கச்சிராயபாளையத்துலதான் இருக்காரு. மேல அனுப்பிப் பாக்கலாமா?" என்றேன்.

"ஒருத்தர் ரூட் ஏற்கெனவே போச்சு. இன்னொருத்தர் ரூட்டையும் கெடுக்கணுமா மேடம்? வரட்டும், பேசிக்கலாம்."

அவன் என் பிள்ளை சார் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. இரண்டு பேர் வேலையும் போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆண்டவரே, அவன் டீதான் குடித்துக்கொண்டிருக்க வேண்டும், பொறுப்பில்லாமல்தான் இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்தேன்.

மூன்றாம் எண் யாரையும் கேட்கவில்லை. குரூப்பில் நான் போட்டதைப் படித்தவன், பார்சல் மூட்டையை ஒரு டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டு மலை ஏறியிருக்கிறான். நாலு பத்துக்கு என் சொந்த போனுக்குக் கூப்பிட்டான்.

"அக்கா" என்றான். அதுவரை ஒரு நாளும் அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "அக்கா, பயப்படாதீங்க, உசுரு இருக்குது. வளைவாண்ட பள்ளத்துல வண்டியோட கெடந்தான். கிழங்கு வண்டில ஏத்திட்டோம். பெரியாஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

எழுந்து கைப்பையை எடுத்தேன். "எங்க மேடம்?" என்றார் மேலாளர்.

"வயித்து வலி சார்" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

இன்று அவன் நடக்கிறான். தொடை எலும்பில் கம்பி இருக்கிறது, படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறான். நான் அந்த நாற்காலியில் இல்லை. ஆனால் மதியம் இரண்டைத் தாண்டினால் இன்னமும் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். மரவள்ளி மூட்டை ஏற்றிய வண்டி உள்ளே வந்தது. மூட்டைகளின் மேல் மண்ணும் ரத்தமுமாக அவன். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றாம் எண் கூடவே ஓடினான்.

வண்டியில் இன்னொருத்தியும் வந்திருந்தாள். என் வயதிருக்கும், மலைக்காரப் பெண். வழியெல்லாம் அவன் தலையை மடியில் வைத்திருந்ததால் சேலை நனைந்திருந்தது. கீழே இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவங்களா நீங்க?"

தலையாட்டினேன்.

"திருப்பூர்ல கீற எம் பொண்ணாண்ட பேசலாம்னு அந்த வளைவுக்கு வந்தன்மா. பள்ளத்துல போனு ஓயாம அடிச்சிகினே இருந்துச்சி. எட்டிப் பாத்தா புள்ள கெடக்குது. என்னால எறங்க முடியல, நான் கத்தறதக் கேட்டுதான் அந்தத் தம்பி வந்துச்சி. போனு புள்ள கைக்கு எட்டல. அடிக்கறச்ச எல்லாம் அது பக்கமே கைய நீட்டிகினு கெடந்துச்சி."

மறந்துவிடப் போகிறோமே என்பது போல அவசரமாகச் சொன்னாள்:

"வழி நெடுக ஒண்ணே ஒண்ணுதாம்மா சொல்லிகினு வந்துச்சி. யாரோ மேடமாம், அவங்களாண்ட சொல்லணுமாம். 'நான் வண்டிய நிறுத்தல மேடம், வுழுந்துட்டேன்'னு. எனுக்கு அவங்க யாருன்னு தெரியாது. நீங்க பாத்தா கொஞ்சம் சொல்லிடுங்கம்மா."