கயிறு பிடிப்பவன் அழித்த பெயர்கள்

பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசிக்குள் நுழையும்போது காலை ஏழரை இருக்கும். ஜன்னல் கம்பியெல்லாம் சாரல். அதை மழை என்று சொல்ல முடியாது. நனைகிறோம் என்று தெரிவதற்குள் நனைந்துவிட்டிருப்போம். ஆடி மாதம். மேற்கே மலை பாதிதான் தெரிந்தது, மீதியை மேகம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. சென்னையிலிருந்து வழி முழுக்க ஒரு பெயரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன். அந்த மலையில் வாழும் பளியர்களின் மொழியில், மலைத்தேனீ அடை கட்டும் ஒரு தேன்பாறையின் பெயர். வனிதா போனில் ஒருமுறை சொன்னது. கருப்பட்டித் துண்டு மாதிரி கரையாமல் கன்னத்தில் ஒதுங்கிக் கிடந்தது.

வனிதாவுக்கு முப்பது வயதிருக்கும். சீசனில் ஐந்தருவியில் மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கிறவள். மற்ற மாதங்களில் காட்டு வேலை. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற திறந்த இணைய வரைபடத்தில் தன் மக்களின் மொழியில் மலையின் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். அரசாங்க வரைபடத்தில் அந்த மலைப்பக்கம் வெறும் பச்சை. ஓடைக்குப் பெயர் இல்லை, பாறைக்குப் பெயர் இல்லை. மறுநாள் தென்காசியில் அவர்களுடைய வன உரிமை மனு மீது விசாரணை. காட்டில் எங்கே தேன் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தக் காட்டுக்குள் போகும் உரிமை எழுத்தில் வராது. அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்ட என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள்; சின்ன மொழிகளின் பெயர்களை இப்படி வரைபடத்தில் ஏற்றச் சொல்லி ஊர் ஊராகப் போகிறவள் நான்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. "எங்கன போணும் மேடம்?" ஐந்தருவிக்கு முந்நூறு கேட்டார், இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். பத்து கிலோமீட்டர் சுமார். இலஞ்சிக்காரர். வயல்களைத் தாண்டும்போது காற்று ஆட்டோவின் படுதாவைப் பிடுங்கப் பார்த்தது. கூட்டம் எப்படி என்று கேட்டேன்.

"அருவிக்கு எவன் வாரான் மேடம்? அருவிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாக்கத்தான் வாரானுவ. ரெண்டு பயலுவ போனைக் காட்டி, மேப்புல இல்லாத அருவி எங்கன இருக்குங்கானுவ. மேப்புலயே இல்லாதது எனக்கு எப்படிலே தெரியும்னேன்."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு மதியம் வரைகூடத் தாங்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஐந்தருவி. ஐந்து கிளையும் நிரம்பி விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் வழியும் முதுகுகள், ஈரத் துண்டுகள், மிளகாய் பஜ்ஜி வாசனை. வனிதா பழக்கூடைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், விற்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாங்க என்றுகூடச் சொல்லாமல் போனை நீட்டினாள்.

பச்சை. வரைபடத்தில் ஓடைகளும் ஒற்றையடிப் பாதைகளும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே, மலையின் நெற்றியில் வரிசையாக இருந்த தேன்பாறைகள் எதுவும் இல்லை. நான் ரயிலில் உருட்டிக்கொண்டு வந்த பெயர் இருந்த இடத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். பச்சைக்குள் பச்சைதான் வந்தது.

"நேத்து சாயங்காலம் இருந்துச்சுக்கா," என்றாள். "நாளைக்கு எதைக் காட்ட?"

அவள் பக்கத்துக் கடையில் கூடைகளை ஒப்படைத்ததும் அவளோடு அவர்கள் குடியிருப்புக்குக் கிளம்பினேன். இதுவரை கிலோமீட்டர் எழுதினேன். இங்கிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எழுதப்போவதில்லை. அட்டை கடிக்கும், வழுக்கும் என்பது மட்டும் போதும்.

அங்கே தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். ஏறி நின்று வரைபடத்தின் மாற்ற வரலாற்றைத் திறந்தேன். திறந்த வரைபடத்தில் அப்படி ஒரு வசதி உண்டு: யார் எதை வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும். யாரோ வெளியூர்க்காரன், ஒரு விஷமி, என்றுதான் நினைத்திருந்தேன். அழித்தவனின் பெயர் ஐயப்பன். வனிதாவின் தம்பி. வரைபடம் வரைய அவளோடு ஒரே பயிற்சி முகாமில் உட்கார்ந்து படித்தவன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்.

'கயிறு எங்கிட்ட இருக்கு.'

எனக்குப் புரியவில்லை. கீழே நின்ற வனிதாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது.

அவள் கணவன் ராசுதான் எனக்கு விளக்கினார். பாறைத் தேனுக்குக் கயிற்றில் தொங்கி இறங்குகிறவன் தன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத் தவிர வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. அக்காள் தாலி அவன் பிடியில் இருப்பதால் விட மாட்டான். அது எல்லா வீட்டிலும் உள்ளது. இவர்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. கயிறு பிடிக்கிறவன், இறக்குவதற்கு முன் பாறையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தக் குரல் ஒன்றுதான் இறங்குகிறவனுக்கும் பாறைக்கும் கேட்க வேண்டும். வேறொரு வாய் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அன்றைக்குக் கயிறு இறங்காது. எழுதுவதும் தூரத்தில் சொல்வதும் பாறைக்குக் கேட்காது என்று வனிதா நினைத்திருந்தாள்.

"எம் மச்சான் விட்டுட்டா நான் கீழ, அவ்வளவுதான்," என்று சிரித்தார் ராசு. "அதனால அவன்கிட்ட நான் மரியாதையாத்தான் பேசுவேன்."

சாரல் தொடங்குவதற்கு முன், தேன் எடுக்கக் கிளம்பிய அன்று, பைக்கில் வந்த இரண்டு பேர் பாதையில் ஐயப்பனை மறித்திருக்கிறார்கள். போனைப் பார்த்து, பாறையின் பெயரைத் தப்பில்லாமல் படித்து, அங்கே எப்படிப் போவது என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கயிறு இறங்கவில்லை. யார் எங்கே அந்தப் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறார்களோ என்று, பாறை நனைகிற வரைக்கும் இறங்கவே இல்லை. இந்த வருஷத் தேன் பாறையிலேயே நின்றுவிட்டது. அக்காவிடம் அவன் காரணத்தைச் சொல்லவில்லை. நாளைக்கு அந்தப் பெயர்களை ஒரு ஆபீஸ் முழுக்க வாசிப்பார்கள் என்று தெரிந்ததும் அழித்துவிட்டான்.

ஐயப்பன் விறகோடு வந்தான். மெலிந்த ஆள், உள்ளங்கை மட்டும் தடித்திருந்தது. அக்காளும் தம்பியும் முதலில் தங்கள் மொழியில் மோதிக்கொண்டார்கள், எனக்குப் பாதிதான் விளங்கியது. பிறகு எனக்காகவோ, என்னைச் சாட்சியாக வைத்தோ, வனிதா தமிழுக்கு மாறினாள்.

"ஏலே, காட்டை எடுத்துக்கிட்டான்னா பேரை மடியில கட்டிக்கிட்டு எங்கன ஏறுவ? குத்தாலத்து லாட்ஜு மாடியிலயா?"

"காடு கெடச்சு இவரு விழுந்தா, நீ மனுவை வச்சு ஒப்பாரி வை."

ராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் உயிரைப் பற்றி அடுத்தவர்கள் சண்டை போடும்போது ஒரு மனிதன் எங்கே பார்ப்பான்? கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவனை ஏமாற்றுவது. ஐயப்பனைத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் வரலாற்றுப் பக்கத்தைக் காட்டினேன். அவன் அழித்த பெயர், அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு, எழுத்து மாறாமல் அங்கே இருந்தது. ஒவ்வொன்றும். யார் தேடினாலும் கிடைக்கும்.

திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "அழிச்சாலும் போவாதா?"

"போகாது."

"செத்தவனைப் பொதச்சா மண்ணு மூடுமேக்கா. இது என்ன எடம்?"

ஒரு மொழியைச் சாகாமல் வைத்திருக்கும் என்று நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்த அதே ஞாபகசக்தியைப் பார்த்துத்தான் அவன் அரண்டு நின்றான்.

இறங்கி வந்து அக்காளிடம் சாதாரணமாகச் சொன்னான், உப்பு தீர்ந்துவிட்டது என்பது போல: "பழசு அதுலயே கெடக்கட்டும். பாறைக்கெல்லாம் நான் வேற பேரு வைக்கேன். மச்சானுக்கு மட்டும் சொல்லுதேன்."

வனிதா கத்தவில்லை. "அப்பா கூப்பிட்ட பேருலே அது."

"அப்பா கயித்தப் பிடிச்சப்ப அது பேரு. இப்ப எவனெவனோ கூப்பிடுதான். பாறைக்கு நம்ம கொரலு தெரிய வேண்டாமா?"

நாங்கள் காப்பாற்ற வந்த சொற்கள். எத்தனை தலைமுறை வாய்களோ வழவழப்பாக்கிய சொற்கள். என் கண் முன்னால், நல்ல பகலில், அவற்றைச் சொந்த வீட்டுப் பிள்ளை கழற்றி வைத்துவிட்டான். ஆத்திரம் வந்தது எனக்கு. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை ஐயப்பனே தொட்டிமேல் உட்கார்ந்து தேன்பாறைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தான். பெயர் இருந்த இடத்தில் 'தேன்' என்று மட்டும். காரணம் கேட்ட பெட்டியில், 'பேரு மாறிருச்சு.'

மறுநாள் பதினோரு மணி, தென்காசி. மின்விசிறி சத்தம், ஈரக் குடைகள். திரையில் மலை. ஓடைகள் பெயரோடு, புதைத்த இடங்கள் பெயரோடு, மேலே 'தேன்' என்று மட்டும் போட்ட, பெயரில்லாத புள்ளிகள். விசாரணைக் குழுவில் இருந்த அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, இவற்றுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். கேள்வி நியாயமானது.

வனிதா வாயைத் திறப்பதற்குள் ராசு எழுந்துவிட்டார். "பேரு இருக்குங்கய்யா. கேக்கணும்னா கயித்துல தொங்கணும்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ராசுவுக்குப் பக்கத்தில் இருந்த ஐயப்பனின் தடித்த உள்ளங்கையைப் பார்த்தார். சாரல் முடிந்ததும் நேரில் வந்து பார்க்கிறோம், வழி காட்ட ஆள் வேண்டும் என்றார். ஐயப்பன் தலையசைத்தான். அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது வனிதா தம்பிக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். அவனோடு பேசவில்லை. அவனும் வடையை வேண்டாமென்று சொல்லவில்லை.

மாலையில் திரும்பும் பொதிகை. மலை சிறுத்துக்கொண்டே வந்தது. சென்னையில் எங்கள் தெருவுக்கு இதுவரை மூன்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஒருவரும் எதையும் இழக்கவில்லை, தபால்காரர்கூடத் தடுமாறவில்லை. அங்கே பெயரை நம்பி யாரும் தொங்கவில்லை.

கடையநல்லூர் தாண்டியதும், நினைக்காமலே, நாக்கு அந்தப் பழைய பெயரைத் தேடிக்கொண்டு போனது. முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. பாறைகள் நனைந்து கிடக்கின்றன, ராசு வீட்டில் இருப்பார், கயிறு பரணில் சுருண்டிருக்கும், அந்தப் பெயர் இப்போது யாருக்கும் சொந்தமில்லை. எல்லாம் தெரியும். ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.