கருக்காத வெள்ளைத் தோல்

எண்பதுகளில் தருமபுரிக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியின் அனிமல் ஹவுஸில் அட்டெண்டராக இருந்தேன். ஐந்தாவது வரை படித்தவன். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, ஊசி போடும்போது கினி பன்றியை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

அப்போது டெஸ்டுக்கு வந்திருந்தது, தோலைக் கருக்க வைக்கும் ஒரு செயற்கை ஹார்மோன். மனிதருக்குப் போட்டால் கெடுதல் வருமா என்று முதலில் பிராணிகளில் பார்க்க வேண்டும். சில கூண்டுகளுக்கு மருந்து, சில கூண்டுகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். முதுகு முடியைச் சிரைத்துத் தோலைப் பார்ப்போம். மருந்து போட்டவை நன்றாகக் கருத்துவிட்டன. வீட்டில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

விஷயம் ஏரியூரில் இருந்த என் அக்காவுக்குப் போய், அவள் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள். கூட அவள் மகள் செலின். அவளுக்கு வாயோரத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டு. பாப்பாரப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“ஒரே ஒரு பாட்டில் எடுத்தாந்து குடு சாமி. எலிக்குப் போடறத எம்புள்ளைக்குப் போடக்கூடாதா?”

“எலி இல்லக்கா, கினி பன்னி.”

“எந்தப் பன்னியா இருந்தா எனக்கென்ன! மாதா மேல சத்தியமா வெளிய சொல்லமாட்டேன்.”

பெரியவர்கள் முன் நின்று பேச எனக்கு வராது. அன்று டெஸ்டை நடத்திய டாக்டரம்மாவின் மேசை முன் போய் நின்று, செலினுக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா என்று திக்கித் திக்கிக் கேட்டேன். அவர் அதட்டவில்லை. மருந்து போட்டதில் பழுப்பும் வெள்ளையுமான ஒரு கினி பன்றியை எடுக்கச் சொன்னார்.

“பாருங்க. பழுப்பு முடி இருந்த எடம் கருத்திருக்கு. வெள்ளை முடி இருந்த எடம்?”

அது வெளிறின ரோஸ் நிறத்தில் அப்படியே இருந்தது.

“நிறம் குடுக்கற செல் இருந்தாத்தான் இது வேலை செய்யும். அந்தப் பொண்ணுக்குப் போட்டா சுத்தி இருக்கற தோல்தான் கருக்கும். திட்டு இன்னும் எடுப்பாத் தெரியும். உள்ள ஈரல், கிட்னி எப்படி இருக்குன்னு நமக்கே இன்னும் தெரியாது.”

கேட்டுக்குத் திரும்பி அப்படியே சொன்னேன்.

“வேலை போயிருமின்னு பயப்படற நீ. அந்தம்மா சொன்னத ஒப்பிக்கற” என்று அக்கா அழுதாள்.

செலின் மட்டும் கேட்டாள். “நெசமாவே கருக்கலையா மாமா?”

“இல்ல கண்ணு. கையில புடிச்சுப் பாத்தேன்.”

“அப்ப வாம்மா, வூட்டுக்குப் போலாம். வர்றவங்க இப்படியே பாக்கட்டும்.”

வந்தவர்கள் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமலே போய்விட்டார்கள். அக்கா ரொம்ப காலம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

டெஸ்ட் முடிந்ததும், ஈரல், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க எல்லாக் கினி பன்றிகளையும் கொன்று அறுத்தார்கள். பழுப்பும் வெள்ளையுமானதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல ஆரோக்கியமாக இருந்தது, கையில் துள்ளியது.

வேண்டியவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், கூண்டில் கண்டதை அவர்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்லாதீர்கள். அந்தப் பதிலுக்காக ஒரு உயிர் போகிறது.