சின்ன வாய் மெஷின்

அறுபதுகளில் நான் செஞ்சியில் டிராக்டர் கருவிகள் விற்றுக்கொண்டிருந்தேன். அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு சமண விவசாயி வந்தார். ஒல்லியான மனிதர். நாற்காலியைத் துண்டால் மெல்லத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வெட்டிக் குவித்த முட்புதரை எல்லோரும் கொளுத்திவிடுவார்கள். அவரோ டிராக்டரில் பூட்டிக் கிளைகளை நறுக்கும் மெஷின் கேட்டார்.

“பெரிய வாய் உள்ளதா வாங்குங்க நயினாரே. கத்தையா தள்ளலாம், ஒரே நாள்ல முடிஞ்சிடும்” என்றேன்.

“சின்னதே குடுப்பா. ஒவ்வொரு கிளையா ஒதறிப் பாத்து உடணும். உள்ள இன்னா இருக்குதோ.”

விவரம் போதாதவர் என்று நினைத்துக்கொண்டேன். மெஷினை ஓட்டிக் காட்ட நானே அவர் கொல்லைக்குப் போனேன்.

முதல் கிளையை உதறினார். ஓர் ஓணான் மெஷின் வாயோரத்திலேயே விழுந்தது. அவர் கையை உயர்த்தினார். டிராக்டர் சீட்டிலிருந்த நான் கிளட்சை மிதித்தேன். பிளேடு நின்றது. ஓணான் நகராமல் தலையாட்டிக்கொண்டிருந்தது.

“குச்சியால தள்ளுங்க” என்றேன்.

“பயந்து உள்ள போயிடும். அதுவா போவட்டும்.”

உயர்த்திய கையை அவர் இறக்கவே இல்லை. கால் மரத்துப்போயும் நான் கிளட்சை விடவில்லை. அது ஓணானுக்காகவா, அவருக்காகவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.