நூல்கடை அக்காவின் நீலக் கார்

அக்கா வலது கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் இருக்கும் பெயிண்டை ஒருமுறை பார்க்கிறார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. அப்புறம் இரண்டையும் திறந்து, ஆளுக்கொரு கதை சொல்லும் பிள்ளைகளை முறைப்பது போலக் கிண்ணத்தை முறைக்கிறார். புதிதாகப் பார்க்கிறவர்கள் அக்கா கண்ணடிக்கிறார் என்று நினைத்து நெளிவார்கள். கூரியர் கொண்டுவந்த ஒருவர் கையெழுத்துகூட வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

எங்கள் எதிர்வீடு. தையல் சாமான் கடையில், நூல் பிரிவில் முப்பது வருடமாக உட்கார்ந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் நூல்கடை அக்கா. துணியை நீட்டினால் போதும், பேச்சை நிறுத்தாமலே அவர் கை பின்னால் போகும், ஒரு நூல்கண்டு வரும். துணிமேல் வைத்தால் நூல் எங்கே என்று நாம்தான் தேட வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கை தப்ப ஆரம்பித்தது. வெள்ளைத் திரைச்சீலைக்கு வெளிர்மஞ்சள் நூல் போனது. கருநீலக் கோட்டுக்குக் கறுப்பு போனது. திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம், “உங்க வீட்டு லைட்டுலதான் கோளாறு, வெளிய வச்சுப் பாருங்க” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லி அனுப்பினார். முதலாளி நல்ல மனிதர். எதுவும் கேட்காமல் அவரைப் பட்டன், ஜிப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார். கண்ணில் புரை என்று தெரிந்தது அதற்கப்புறம்தான். வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இடதையும் முடித்துக்கொண்டு வந்தால் நூல் பிரிவு மறுபடி உங்களுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அக்கா அசைந்து கொடுப்பதாயில்லை.

“புதுக் கண்ணு ஊசி கோக்க நல்லாத்தான் இருக்கு. நிறம் பாக்க ஆகாது. இந்தத் தட்டை இதுல பாத்தா வெள்ளை, பழைய கண்ணுல பாத்தா டீத்தண்ணி. எது நெசம்? முப்பது வருஷமா சோறு போட்டது பழைய கண்ணுதானே?” என்பார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, “அதையும் மாத்திட்டா, அப்புறம் பழைய நிறத்தை நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?” என்றார்.  

டாக்டர் சொன்ன ஓய்வு நாள்களில்தான் கார் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூட வயதில் அவருக்கு பிளாஸ்டிக் கார் என்றால் பைத்தியமாம். பெட்டியில் உதிரியாக வரும் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து, அலமாரியில் வரிசையாக நிறுத்துவாராம். கல்யாணம், பிள்ளைகள், கடை என்று ஆனதில் அது எங்கோ விட்டுப்போயிற்று. ஆபரேஷன் முடிந்து கடைத்தெருவில் காலாற நடந்தபோது ஒரு கண்ணாடி ஜன்னலில் அந்தப் பெட்டி தெரிந்தது. உள்ளங்கை நீளத்துக்கு, உருண்டை விளக்கு வைத்த ஒரு பழைய மாடல் கார். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“கை வந்த வேலை. மறந்தா போயிடும்?” என்றார். மறந்திருக்கவில்லை, பெயிண்ட்தான் மாறியிருந்தது. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டுக்கு ஊற்றிய டர்பன்டைனை இந்தக் காலத்துத் தண்ணீர்ப் பெயிண்டில் ஊற்றினார். திரிந்த பால் மாதிரிக் கட்டிகட்டியாக நின்றது. அடுத்த தடவை கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்ததில் கதவுக் கோடுகள் அடைத்துக்கொண்டன. “கதவே இல்லாத காரா? ஏறினவன் குடும்பத்தோட உள்ளயே இருக்க வேண்டியதுதான்” என்றார் அவர் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவரை நான் மாமா என்பேன். எதுவும் பாதியில் நின்றால் அவருக்குப் பொறுக்காது.

மாமாவின் கஷ்டங்கள் தனிக் கதை. துணி உலர்த்தும் கிளிப்புகள் எல்லாம் இப்போது சக்கரங்களையும் கண்ணாடிச் சட்டங்களையும் கவ்விக்கொண்டு ஜன்னலில் நிற்கின்றன. அவர் சட்டைகள் மாடியில் பறக்கின்றன. தூசி படியாத இடம் குளியலறைதான் என்று கண்டுபிடித்து, அக்கா தரையை நனைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து அடிக்கிறார். துண்டோடு வெளியே நிற்கும் மாமாவுக்கு, “இன்னும் ஒரே ஒரு பூச்சுங்க” என்று குரல் மட்டும் வரும்.

ஆனால் கற்றுக்கொண்டார், அதைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடிக்க வேண்டும், பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும், ஈர உப்புத்தாளால் நீவிவிட்டு அடுத்தது. எல்லாவற்றையும் விட, காயும்வரை தொடக் கூடாது. காயவைத்த காரைக் கிண்ணத்தால் மூடிவிட்டு, அதைத் திறந்து பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் பாடி வழவழவென்று வந்தது, மழை விட்ட காலை வானத்தின் நீலத்தில். அதற்குள் அந்த நிறத்துப் புட்டி காலியாகிவிட்டது. என்ஜினை மூடும் பானெட் மட்டும் பாக்கி.

இன்னொரு புட்டி வாங்கினால் தீர்ந்தது. வாங்குவாரா? “நிறம் சேக்கறதுதானே என் பொழப்பு” என்று, வீட்டிலிருந்த வெள்ளை, நீலம், ஒரு துளி மஞ்சள் கலந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் சரிபார்த்து, பானெட்டை அடித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். மேஜையில் கார், அருகில் காய்ந்த பானெட்.

“தம்பி, உன் கண்ணு ரெண்டும் பொறக்கும்போது வந்ததுதானே?”

“ஆமாக்கா.”

“அப்ப நீ சொல்லு. பழைய கண்ணு காரும் பானெட்டும் ஒரே நிறங்குது. புதுசு வேறங்குது. புதுசு எல்லாத்துலயும் நீலத்தைக் கூட்டிக் காட்டுதுன்னு நெனச்சேன். அப்படின்னா ரெண்டுலயும்தானே கூட்டணும்? பானெட்ல மட்டும் ஏன் கூட்டலை?”

கேள்வியிலேயே பதில் இருந்தது: கோளாறு பழைய கண்ணில்தான். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி மாதக்கணக்காக நச்சரித்த அதே மாமா, இப்போது அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். உண்மையைச் சொல்லாதே, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடு. அந்த மனிதரை அதற்கு முன் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

பானெட்டைக் காரின்மேல் வைத்துப் பார்த்தேன். யாரோ வேறு காரிலிருந்து கழற்றி மாட்டியது போல இருந்தது. பொய் சொல்லிவிடலாம்தான். ஆனால் முப்பது வருடம் ஒரு நூலில்கூடப் பொய் சொல்லாதவரிடம் எப்படிச் சொல்வது?

“வேறதான் அக்கா.”

“எப்படி வேற? கூடுதலா, குறைச்சலா?”

“நீலம் குறைச்சல். பச்சை அடிக்குது.”

மாமா கையைத் தொங்கவிட்டார். அக்கா நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப கடைக்குத் திரும்பி வந்தவங்க எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான்தான் அவங்க வீட்டு லைட்டைத் திட்டியிருக்கேன்” என்றார்.  எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

மாமா பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தார். “ஒண்ணும் கெட்டுப் போகலை. நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இல்லைங்க. பச்சை அடிக்குதாம்” என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. இந்த வாரமே முடியுமான்னு கேளுங்க. பழைய கண்ணு நிறையப் பாத்துடுச்சு. பாவம், அது ஓய்வெடுக்கட்டும்.”

மாமா போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடாத குறையாகப் போனார். அக்கா பானெட்டைப் பெயிண்ட் உரிக்கும் திரவத்தில் போட்டு மூடினார். பழைய கலவையைத் துடைத்தெறிந்துவிட்டு, சுத்தமான கிண்ணத்தில் வெள்ளையையும் நீலத்தையும் மறுபடி கலந்தார். மிச்சமிருந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் கொஞ்சம் தடவி, காயவிட்டு, காரின் பக்கத்தில் வைத்தார். கிட்டத்தட்ட வந்துவிட்டது. இன்னும் ஒரு பொட்டு நீலம்தான் போதவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

“சொல்லாத” என்று என் பக்கம் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு பொட்டு நீலத்தைத் தொட்டு எடுத்துக் கிண்ணத்தில் விட்டார்.